நிமிஷக் கணக்கு

காலிமுகத்திடல் பக்கம் ஒரு ஹோட்டலின் இரண்டாம் மாடி.
மூட்டுவாத வைத்தியர்களின் வருடாந்த இரவு.
இங்கே யாரும் யார் கையையும் இறுக்கிக் குலுக்குவதில்லை.
தொழில் பழக்கம்.
குருவியை வாங்குவதுபோல் வாங்கி விடுவார்கள்.
அதற்குள் ஒரு பெருவிரல்
எதிராளியின் முட்டிகளை எண்ணி முடித்திருக்கும்.

கௌரவம் இம்முறை மூவருக்கு.
டொக்டர் ஹபுகொட மெல்பேர்னிலிருந்து திரையில் வந்தார்,
நன்றி என்று தொடங்கி
வாய் திறந்தபடியே உறைந்துபோனார்.
பேராசிரியர் மர்சூக்
வட்டிலப்பம் ஆறும்வரை பேசினார்.
மூன்றாவது, புனிதமலர் குலவீரசிங்கம்.

அவருக்கான பாராட்டுரை நான் எழுதியது.
ஆங்கிலத்தில், இருநூறு சொல்லுக்கு மேற்படாமல்.
ஆய்வுக்கட்டுரை நாற்பத்தொன்று,
லண்டன் பட்டம்,
இருமுறை சங்கத் தலைவர்;
சொல் தீர்ந்துவிட்டது.
செவ்வாய்க்கிழமைகளுக்கு இடமில்லை.

பெரியாஸ்பத்திரியில் பன்னிரண்டு வருடம்
எங்களுக்கு ஒரே அறை, நடுவில் பச்சைத் திரை.
இந்தப் பக்கம் நான் கேட்பேன்:
காலையில் விறைப்பு எத்தனை நிமிஷம்?
முப்பது. அறுபது. எழுதிக்கொள்வேன்.
அந்தப் பக்கம் அதே கேள்வி,
நிமிஷம் என்ற சொல் மட்டும் இருக்காது.
பதில்கள் திரையைத் தாண்டி வரும்.
என் நோயாளிகள் கூடத் தலையைத் திருப்புவார்கள்.

இன்னுமொன்றும் எழுதவில்லை.
தொண்ணூற்றெட்டில்
கிழமைக்கு ஒருநாள் விழுங்கும் மஞ்சள் குளிசையை
ஒருத்தி தினமும் விழுங்கினாள்.
துண்டு ஆங்கிலத்தில் இருந்தது.
எழுதியது இவர் கை.
பதினாறாம் நாள் வாயெல்லாம் புண்ணாகி வந்தவள்
வீடு திரும்பவில்லை.
அதன்பின் இரிதா, ஞாயிறு, சண்டே என்று
மூன்று எழுத்திலும் எழுதாமல்
ஒரு துண்டும் அவர் மேசையைவிட்டுப் போனதில்லை.
வரிசை நீளும். தாதி முணுமுணுப்பார்.
அவர் எழுதிக்கொண்டிருப்பார்.

மைக்கைப் பிடித்தவர் நன்றி சொல்லவில்லை.
கைப்பையிலிருந்து பழைய கிளினிக் அட்டைகளை எடுத்தார்.
பெயர்களை விட்டுவிட்டு வாசித்தார்.

சோறு ஒரு கொதி வரும்வரை.

மூத்தவன் தங்கச்சியின் சப்பாத்து நாடாவைக் கட்டிவிடும்வரை.
அது முன்னம் என் வேலை.

சுபஹுக்குக் குழாய் திறக்க மருமகள் வேண்டும்.
லுஹருக்கு வேண்டாம்.

தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டால் போதும் டொக்டர்.
எனக்கு என்ன விடுகிறது?

சிரித்தோம். கடைசி அட்டையை வாசிக்கவில்லை,
சற்று நேரம் பார்த்தார்,
திருப்பி வைத்தார்.
எந்த அட்டை என்று
அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும் தெரியும்.
அல்லது தெரியும் என்று நினைத்தேன்.

பிறகு விருது. கருங்கல் பலகை, பித்தளை எழுத்து.
எந்தப் புத்திசாலி தெரிவுசெய்தானோ,
மூன்று கிலோவாவது இருக்கும்.
தலைவர் நீட்டினார். இவர் வாங்கினார்.
வாங்கிய விதத்தில்
எண்பது நிபுணர்கள் ஒரே கணத்தில் நிமிர்ந்தோம்.
தலைவர் கையை எடுக்கவில்லை.
படம் எடுத்து முடியும்வரை
அடியில் அது தாங்கியபடி இருந்தது.

பின் மேசையிலிருந்து ஒரு குரல், மெல்ல:
மிஸ், காலையில் எவ்வளவு நேரம்?

அவர் யோசித்தார்.
வெள்ளவத்தையில் முதல் ரயில் போய்
இரண்டாவது வரும்வரை, என்றார்.
இந்த மாசம் மூன்றாவது.

கைதட்டல் உடனே வரவில்லை.
எல்லோரும் மனசுக்குள்
கரையோரப் பாதையின் நேர அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருந்தோம்.

லிப்டில் பலகையை என்னிடம் தந்தார்.
பிடியும், எனக்குச் சாரி மடிப்பைப் பிடிக்கவேணும்.
பாராட்டுரையில் ஒரு பிழை, என்றார் பிறகு,
கட்டுரை நாற்பதுதான்.