உப்பைக் குறைக்காதே

பகாவ் கிளினிக்கில் தாதி சொன்னாள்:
லித்தியம் சாப்பிடுகிறவர்
திடீரென்று உப்பைக் குறைக்கக்கூடாது.
சோடியம் குறைந்தால் சிறுநீரகம்
ஆள் மாறி லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.
கலைநேசன் சிரித்தான், மூன்று வாரத்தில் முதல் தடவை.
"மண்டோர் மாதிரி, அக்கா.
முகம் பார்ப்பதில்லை, தலை எண்ணுவதோடு சரி."

படிவம் ஐந்தில் நான் கோட்டைவிட்ட பாடம்
பேருந்தில் கூடவே வந்தது:
லித்தியத்துக்கு எலக்ட்ரான் மூன்று,
சோடியத்துக்குப் பதினொன்று,
பொட்டாசியத்துக்குப் பத்தொன்பது.
உள்ளே எத்தனை அடுக்கு நிறைந்திருந்தாலும்
வெளி அடுக்கில் ஒன்றே ஒன்று.
அதைக் கைகழுவிய பிறகு
மூன்றும் ஒரே ஜாடை.
குணம் அந்த ஒன்றில்தான் இருக்கிறது;
கீழே போகப் போக அது மையத்துக்குத் தூரம்,
பிடி இன்னும் தளர்வு.

மறுநாள் பனி காயுமுன்
செம்பனைக்காட்டில் பொட்டாஷ் வீசினேன்.
செந்நிறப் பொடி விரல் வெடிப்பில் இறங்கி எரிந்தது,
உப்பு பட்டால் எரிகிற அதே எரிச்சல்.

இரவு கருவாட்டுக் குழம்பு.
மாத்திரையை விழுங்கிவிட்டு ஒரு வாய் உண்டான்.
"உப்பு சரியா இருக்கு."
தட்டைக் கழுவாமல் எழுந்து போனான்.
பழையபடி திட்டினேன்.