மரம் எண் 212

செப்டம்பர் பாதி. சலாலாவுக்கு மேலே
கரா மலையில் மூடுபனி இன்னும் கிளம்பவில்லை,
விடைபெற்றுவிட்டு வாசலில் பேச்சை நீட்டும் விருந்தாளி மாதிரி.

வெள்ளிக்கிழமை. முக்காலி இல்லை, அளவுநாடா இல்லை.
சாலையை அகலப்படுத்த ஜூனில் நான் அளந்த சரிவுக்குள்
வெறுங்கையோடு இறங்குகிறேன்.
கூடவே யேசுவடியான், பிக்கப் ஓட்டுபவன்,
செருப்பில் ஏறிய சேற்றைத் திட்டியபடி.

மழை என்று சொல்ல முடியாது இதை.
இலைகள் பனியைச் சீவியெடுத்துச்
சொட்டுச் சொட்டாய்த் தம் காலிலேயே ஊற்றிக்கொள்கின்றன.

பாறை இடுக்கில் ஒரு செடி.
பூ இருக்கவேண்டிய இடத்தில் தட்டையாய்ப் பச்சை வில்லை,
சுற்றிலும் பல்லி விரல்கள்.
பெயர் தெரியவில்லை.
அடுத்தது தெரிந்தது: பிரண்டை.
யேசுவடியான் நம்பவில்லை. ஒடித்து நக்கினான்.
நாக்கு அரித்தது.
நம்பினான்.

கொஞ்சம் தள்ளி, செத்த வாடை.
ஆடாக இருக்கும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு தேடினோம்.
பூ!
கள்ளிமுளையான் சாதி, கருஞ்சிவப்பில் ஒரு கொத்து,
ஈக்களுக்கு முகூர்த்த நாள்.

மாட்டுச் சாணியில் சாம்பல் குடைகள்.
விரிந்தவை விளிம்பிலிருந்து
மையாய்க் கரைந்து ஒழுகுகின்றன.
கட்டைவிரலைத் தோய்த்து
ஒரு சுண்ணாம்புக் கல்லில் ஒற்றினேன்.
சம்பளப் பட்டியலில்கூட
இத்தனை தெளிவாக என் ரேகை விழுந்ததில்லை.

மாடுகளின் பின்னால் முசல்லம் வந்தார்.
குனிந்தே நடக்கும் எங்களைப் பார்த்து
"எதைத் தொலைத்தீர்கள்?"
"ஒன்றுமில்லை. காளான் பார்க்கிறோம்."
"தின்னவா?"
"பார்க்க."
ஒரு மாட்டின் முதுகில் தட்டிக்கொண்டே சிரித்தார்.
அதுவும் எங்களைத் திரும்பிப் பார்த்தது.

பிறகு அந்த மரம்.
சிவப்புப் பெயின்ட்டில் என் கையெழுத்து: 212.
நடு எண்ணைக் காணோம்.
அந்த இடத்தில் பட்டையைப் பிளந்துகொண்டு
ஒரு காளான், ஈரமாய், மடிப்பு மடிப்பாய்.
இரண்டு, காது, இரண்டு.

அட்டவணையில் கடைசிக் கட்டம் 'குறிப்பு'.
ஜூனில் எல்லா மரத்துக்கும் அங்கே
ஒரே ஒரு கோடு இழுத்திருந்தேன்.

காதருகே குனிந்தேன்.
விட்டம் நாற்பத்தொரு சென்டிமீட்டர் என்பது தவிர
சொல்ல ஒன்றும் வரவில்லை.

மேலே வண்டிப் பக்கமிருந்து யேசுவடியான் கத்தினான்,
தண்ணீர் பாட்டில் எங்கே, இன்னும் அரிக்கிறது என்று.
மரம் அதையும் கேட்டிருக்கும்.