ஏழு செகண்ட்

மடிக்கணினியை எழுப்பியதும்
முதல் வேலை, தேதியைப் பொய்யாக்குவது.
தொண்ணூற்றாறு என்று அடித்தால்தான்
மென்பொருள் உள்ளே விடும்.
நல்லவேளை, இந்த வருஷமும் அந்த வருஷமும்
கிழமை மாறாமல் ஒத்துப்போகின்றன:
இங்கே செவ்வாய், அங்கேயும் செவ்வாய்.
நான் பிறக்க இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது.

மணலி. இரவு ஷிப்ட்.
வெளியே கன்டெய்னர் லாரிகள்
துறைமுகத்தைப் பார்த்தபடி நகராமல் நிற்கின்றன.
பேனலில் சிவப்பு விளக்கு. பேட்டரி போகப்போகிறது.
அதுவும் போய், கரண்டும் போனால்
பாய்லருக்குத் தான் யாரென்றே தெரியாது.

புது லேப்டாப்பில் இந்தக் கேபிளுக்குத் துளை கிடையாது.
மாற்றுச் செருகி வாங்கிப் பார்த்தோம்,
ரிச்சி தெரு, நானூற்றைம்பது ரூபாய்.
நூறு எழுத்தில் மூன்றை விழுங்கிவிட்டு
ஒன்றும் நடக்காததுபோல் நின்றது.
எந்த மூன்று என்று சொல்லவில்லை.

அதனால் இதேதான். கீல் உடைந்த திரை,
முட்டுக்கொடுக்கப் பொன்னுரங்கத்தின் டிபன் பாக்ஸ்.
"சாம்பார் இருக்கு மேடம், சாய்ச்சுடாதீங்க."

நூற்றுப் பன்னிரண்டாம் படியில் ஒரு டைமர்.
பம்ப் கிளம்பும் முன்
ஏழு செகண்ட் சும்மா நிற்கவைக்கும்.
பக்கத்தில், எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில்,
'எடுக்காதே. கே.டி.பி.'
ஏன் என்று இல்லை.
குறிப்புக்குப் பதினாறு எழுத்துக்குமேல் தராது இது.
மூன்று வருஷமாக அந்த கே.டி.பி.யைத் திட்டியிருக்கிறேன்.

பேட்டரியைக் கழற்றக் குனிந்தபோது
கதவின் உள்பையிலிருந்து வரைபடம் நழுவியது.
பின்பக்கம் பென்சிலில்:
பக்கத்து மில், அதே ஃபீடர்.
அவன் மோட்டார் போட்டால் வோல்டேஜ் இறங்குது.
அவன் முதல்ல போகட்டும்.

மில்லை மூடிப் பதினோரு வருஷம்.
மோட்டார் காயலாங்கடைக்குப் போய்விட்டது.
அங்கே இப்போது காலி கன்டெய்னர் அடுக்குகிறார்கள்.
எங்கள் பம்ப் மட்டும் ஒவ்வொரு தடவையும்
அவன் போகட்டும் என்று நிற்கிறது.

கர்சர் அந்தப் படியிலேயே சிமிட்டியது.
அழிக்க ஒரு விசை போதும்.
பொன்னுரங்கம் டிபன் பாக்ஸைக் கேட்டார்.

டைமரைத் தொடவில்லை.
கீழே இன்னொரு குறிப்பு சேர்த்தேன்,
'மில் மூடியாச்சு'.
ஆங்கில எழுத்தில், இடைவெளியோடு பதினைந்து.
ஒன்று மிச்சம்.

சேமித்தபின்தான் உறைத்தது,
கோப்பில் விழும் தேதி தொண்ணூற்றாறு.
அடுத்து திறப்பவருக்கு, மில் ஓடிக்கொண்டிருந்தபோதே
யாரோ இதை எழுதிவைத்ததாகத் தெரியும்.