சர்வர் இல்லாத ஃபங்ஷன்

பல்லடம் ஆபீஸ் மாடியில், மேசைக்கடியில்,
ஐந்து வருடம் கிடந்தது அந்தக் கணினி.
"அணைக்காதீர்" என்று அதன் நெற்றியில்
நான் ஒட்டிய தாள் மஞ்சளாகிவிட்டது.
கூட்ட வரும் பாப்பாத்தி
விளக்குமாற்று நுனியால் வயரைத் தட்டிவிட்டால்
இருநூற்றுப் பன்னிரண்டு கோழிக் கொட்டகைகளுக்கு
அன்றைக்குக் கணக்கு இல்லை.

மார்ச் கடைசியில் அதற்கு விடை கொடுத்தோம்.
ஸ்கிரிப்ட் இனிமேல் கிளவுடில் ஓடும்,
ஃபங்ஷனாகப் போடுகிறேன், சர்வர் கிடையாது
என்று கேத்தனூர் தெய்வாத்தாளுக்கு போனில் சொன்னேன்.
"ஃபங்ஷனுங்களா? யாரு வூட்லீங்க?
சர்வர் இல்லாம பந்திக்கு ஆரு பரிமாறுவாங்க?"

சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகு
எனக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை.
எங்கோ யாரோ பரிமாறுகிறார்கள்.
முகம் காட்டுவதில்லை.
இலைக்கு இவ்வளவு என்று மாதம் முடிந்தால் சீட்டு வரும்.

மூட்டை பெரிது என்று முதலில் திருப்பி அனுப்பியது.
சராசரி எடுக்கவா இத்தனை லைப்ரரி சுமந்தேன்?
கிராஃப் வரைகிற ஒன்றைக் கழற்றினேன்.
நடு வரியில் பட்டப்பகலாய்க் கிடந்த பாஸ்வேர்டை
வேறு இடத்தில் பூட்டினேன்.
'டி டிரைவ்' என்றிருந்த இடமெல்லாம் அடித்தேன்.
அங்கே டி டிரைவ் இல்லை.
அங்கே என்று ஓர் இடமே இல்லை.

முதல் அழைப்பில்
ஆயிரத்து இருநூறு அடி போரில் மோட்டார் போட்டதுபோல்
கொஞ்சம் வெறுங்காற்று, ஓர் இருமல்,
அப்புறம் தண்ணீர்.
பதினொரு நொடி உயிரோடிருந்தது.
வெயில், ஈரப்பதம், தின்ற தீவனம், செத்த எண்ணிக்கை
எல்லாம் வாங்கி
இன்று எந்தக் கொட்டகைக்கு மூச்சிரைக்கும் என்று சொல்லிவிட்டுப்
போயே போய்விட்டது.
நேற்று வந்தது இன்றைக்கு அதற்குத் தெரியாது.

ஏப்ரல் ஒன்பது, தானாக எழ வேண்டிய முதல் நாள்.
நான் பொங்கலூர் மண்டபத்தில்,
நிஜமான ஃபங்ஷனில், இரண்டாம் பந்தியில்.
வாளியோடு குனிந்த சர்வர்
"ரசமுங்களா, மோருங்களா?" என்றபோது மணி பன்னிரண்டே கால்.
பன்னிரண்டுக்கு எழுந்திரு என்று எழுதியிருந்தேன்.
பன்னிரண்டுக்குத்தான் எழுந்தது,
கிரீன்விச்சின் பன்னிரண்டுக்கு.
"வெப்பம் மிகுதி. ஃபாகரை உடனே போடவும்."
இங்கே சாயங்காலம் ஐந்தரை,
காற்றாலை நிழல்கள் சோளக்காட்டைத் தாண்டி
ரோடு வரைக்கும் நீண்டிருந்தன.

பிழை என்று எங்கும் பதிவாகவில்லை.
வரிக்கு வரி பச்சை.
தெய்வாத்தாள் கொட்டகையில் நாற்பத்தொன்று,
முப்பத்தாறு நாள் வளர்ந்தவை,
அலகு திறந்தபடி.

மறுநாள் போனேன்.
குழியை மூடிச் சுண்ணாம்பு தூவியாகியிருந்தது.
திட்டுவார் என்று நின்றேன்.
போனை நீட்டிக் காட்டினார்.
"மெசேசு வந்துதுங்க கண்ணு. நல்லாத்தான் வந்துது."

ஸ்கூட்டர் சீட்டில் லேப்டாப்பை வைத்து
அங்கேயே பன்னிரண்டை அழித்தேன்.
ஆறரை என்று எழுதினேன்.
நம் உச்சி வெயிலை
யாரோ ஒருவரின் காலைக் காப்பி நேரத்தில் எழுத வேண்டியிருக்கிறது.

மாதச் சீட்டு வந்தது:
பூஜ்யம் ரூபாய், பூஜ்யம் காசு.
இலவச அளவுக்குள் என்று மேனேஜர் விசாகன்
எல்லோருக்கும் பஃப்ஸ் வாங்கித் தந்தார்.
நான் என்னுடையதைப் பாப்பாத்திக்குக் கொடுத்தேன்.
மேசைக்கடியில் அவர் இப்போது தாராளமாகக் கூட்டுகிறார்.

இன்னமும் பன்னிரண்டு நெருங்கினால்
டிபன் பாக்ஸில் என் கை நின்றுவிடும்.
மூன்று நிமிடம் கழித்து போன் வரும்.
"வந்துருச்சுங்க."
பின்னால் ஃபாகர் சீறுகிற சத்தம்.
வேறெதுவும் சொல்லாமல் வைத்துவிடுவார்.