ஆறு யானை

பகவதிபுரத்தில் வண்டி ஏறும்போது
தலைமுடி காய்ந்திருக்கும்.
குகைக்குள் நூற்றறுபது வரை எண்ணுவேன்.
வெளியே வந்தால்
சன்னல் கம்பியில் மழை உட்கார்ந்திருக்கும்.
அதுதான் எல்லை. பலகை தேவையில்லை.

கழுதுருட்டிப் பதின்மூன்று கண் பாலத்தைக்
கீழே ரோட்டில் நின்று படமெடுப்பார்கள்.
அந்தப் படங்களிலெல்லாம் நான் இருக்கிறேன்,
மூன்றாம் பெட்டி ஓரத்தில்
டிபன் பாக்ஸ் வைத்திருக்கும் புள்ளியாக.

புனலூரில் இறங்கி
தொங்குபாலத்தின் காலடியில் கொட்டகைப் பூட்டைத் திறந்தால்
எட்டு கயாக், இரண்டு ரப்பர் தெப்பம்,
நாற்பது லைஃப் ஜாக்கெட்.
முப்பத்தொன்பது.
ஒன்றை ஓணத்தன்று கல்லடையாறு
யாரும் போட்டுக்கொள்ளாமலே கூட்டிப் போனது.

முதலாளி ஓமனக்குட்டன் முதல் நாளே சொல்லிவிட்டார்:
துடுப்பு போடத் தெரிந்தால் அரைச் சம்பளம்,
கதை சொல்லத் தெரிந்தால் முழுச் சம்பளம்.

கதை இதுதான்.
பாலம் கட்டி முடித்தும் ஊர் ஏறவில்லையாம்.
சங்கிலியில் ஆடுவதை எவன் நம்புவான்?
எனவே மேலே ஆறு யானைகளை நடக்கவிட்டு
கீழே படகில்
துரையும் அவர் மனைவியும் பிள்ளைகளும்
குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்களாம்.
குடை நான் சேர்த்தது.

சரியாக நடு ஆற்றில்
துடுப்பை மடியில் வைத்துவிட்டுச் சொல்ல வேண்டும்.
அப்போதுதான் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள்.
கம்பகப் பலகை இடுக்கில்
கோடு கோடாக வானம்,
நடப்பவர்களின் செருப்படி,
எப்போதாவது ஒரு கடலைத் தொலி.

இன்று கடையநல்லூர்க் குடும்பம்.
வாப்பா போனை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு
உறைக்கு மேல் முத்தமிடுவதுபோல் ஊதிக்கொண்டிருந்தார்.
உம்மா கரையிலேயே நின்றுவிட்டாள்.
என் கயாக்கின் முன்னால் ஷிஃபானா, எட்டு வயது,
ஜாக்கெட் காது வரைக்கும்.

துரை பிழைத்ததும் எல்லோரும் கைதட்டுவார்கள்.
அவள் தட்டவில்லை.
"யானை மேல யாருக்கா இருந்தா?"

நாலு வருசம்.
ஒரு நாளைக்கு ஒன்பது சவாரி.
ஒருத்தர் கேட்டதில்லை,
நானும் கேட்டுக்கொண்டதில்லை.

யானை காலை ஊன்றுமுன் தும்பிக்கையால்
தரையைத் தட்டிப் பார்க்கும்.
பலகை நெளிந்தது
முதலில் அதற்குத் தெரிந்திருக்கும்,
அடுத்து காதுக்குப் பின்னால் அழுத்திய
இரண்டு முழங்கால்களுக்கு.
அதற்கப்புறம்தானே கரைக்கு, கைதட்டலுக்கு.

"பாகன்மார் இருந்தாங்க."
"பேரு?"
கயாக் தானாகத் திரும்பத் தொடங்கியது.
நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.
"மாசானம். கொச்சுராமன். பிச்சாண்டி.
உதுமான். அப்புறம்... வேலுப்பிள்ளை."
டிக்கெட் பரிசோதகர், பலாப்பழக்காரர்,
என் வண்டியில் தினமும் தூங்கி வழியும் பெயர்கள்.

விரல் மடக்கிக்கொண்டே வந்தாள்.
"அஞ்சுதான ஆச்சு?"

ஆறாவது பெயர் வரவில்லை.
ஊரில் எத்தனை ஆண்கள்! ஒரு பெயர் வரவில்லை.
தண்ணீர் எங்களை
கிழக்குத் தூணின் நிழலுக்குள் தள்ளியது.
அங்கே எப்போதும் குளிர்.

ஷிஃபானாவே சொன்னாள்:
"ஆறாவது ஆளு பயந்து இறங்கி ஓடிட்டாரு.
யானை தனியாத்தான் போச்சு."

கரையில் இறங்கியதும் அதை உம்மாவிடம்
சத்தியமான செய்தியாகச் சொன்னாள்.
ஓமனக்குட்டனுக்கும் கேட்டது.
"எந்தா கோமு, ஒராளு குறஞ்ஞோ?" என்று
கல்லாவை மூடினார்.

ஈர ஜாக்கெட்டுகளைக் கொடியில் போட்டேன்.
முப்பத்தொன்பது, திரும்பவும்.

இப்போது சாயங்கால வண்டி.
தென்மலை தாண்டி இருட்டு.
ஓடியவன் எந்தப் பக்கம் ஓடியிருப்பான்?
மேற்கே போனால் ஊர் சிரித்திருக்கும்.
கிழக்கே வந்திருப்பான்.
குகை வெட்டாத காலம், மலையேறித்தான் வரணும்,
கையில் அங்குசம் வேறு.
ஆரியங்காவில் யாரிடமாவது தண்ணீர் கேட்டிருப்பான்.
யானை விழவில்லை என்று அவனுக்கு
யார் வந்து சொன்னார்களோ,
எத்தனை நாள் கழித்தோ.

குகை வந்துவிட்டது.
நூற்றறுபது எண்ணவில்லை.
வெளியே வந்தபோது
முடி காயத் தொடங்கியிருந்தது.