மூன்றாம் பிரிவு

காவேரிப்பட்டணம் தாண்டி மாம்பழக்கூழ் ஆலையில்
எனக்குச் சம்பளப் பட்டியல் வேலை.
பெயர், வங்கிக் கணக்கு, நாள், பிரிவு.
பிரிவைச் சொடுக்கினால் மூன்று வரி விழும்:
திறன் பெற்றவர். அரைத்திறன். திறனற்றவர்.
நான்காவதாக ஒன்றை
தட்டிப் பார்த்திருக்கிறேன்.
சேமிக்காது.

நான் ஒன்று.
டைப்ரைட்டிங் லோயர் பாஸ்,
நிமிடத்துக்கு முப்பது சொல்.
சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டியிருக்கிறேன்.

ஃபோர்க்லிஃப்ட் பசப்பா இரண்டு.
அங்கிருந்து எடுத்து இங்கே வைப்பான்,
ஆனால் லைசென்ஸ் உண்டு.

சாலம்மாள் மூன்று.
ஜூன் பிறந்தால் பெல்ட் ஓரம் நிற்பாள்.
காம்பருகே கட்டைவிரலால் ஓர் அழுத்து,
மூக்குக்குக் கீழே ஒரு திருப்பு,
இன்றைக்கு, நாளைக்கு, மறுநாளைக்கு என்று
கூடை கூடையாய்ப் பிரிந்து போகும் பெங்களூரா.
நிமிடத்துக்கு எத்தனை என்று
எண்ணிச் சான்று தர ஆளில்லை.

தோலில் ஒரு புள்ளி இருக்காது,
கொட்டைக்குள் வண்டிருக்கும்.
"இது வேணாம்" என்று தள்ளிவிடுவாள்.
லேப் தம்பி ஒருநாள் பந்தயம் கட்டி
தள்ளியதில் பத்தை அறுத்தான்.
ஒன்பதில் வண்டு.
பத்தாவதில் வண்டு வெளியேறிய வழி.

போன ஆடியில், மகள் பிரசவம்,
பர்கூர் ஆஸ்பத்திரி என்று நான்கு நாள் வரவில்லை.
நான்கு ஆப்சென்ட் போட்டேன்.
அவள் இடத்தில் இரண்டு பேரை நிறுத்தினோம்,
பிறகு மூன்று பேரை.
வெள்ளிக்கிழமைக் கூழில் புளிப்பு ஏறிவிட்டது.
பதினெட்டு பீப்பாயை வாங்க மறுத்தார்கள்.
மேனேஜர் காரணம் எழுதச் சொன்னார்.
'பருவமழை' என்று எழுதினேன்.
நல்ல சொல். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

சனிக்கிழமை வந்தாள்.
பேரன் என்று கற்கண்டு தந்தாள்.
சம்பளச் சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு,
"சார், இந்தத் திறனற்றவர் யாரு? நானா?"
"கம்ப்யூட்டர்ல அப்படித்தான்மா இருக்கு."
"தொட்டுப் பாக்காமலேயா?"

மானிட்டர் பக்கத்தில்
வீட்டுக்கென்று ஒரு நீலம் வைத்திருந்தேன்,
கண்ணைப் பறிக்கும் மஞ்சள்.
போகிற போக்கில் அதன்மேல் விரல் வைத்து
"திங்கக்கிழமை அறுங்க" என்றாள்.

அன்று இரவே அறுத்தேன்.
மனைவி ஒரு துண்டோடு தட்டை நகர்த்திவிட்டாள்.
மீதியை
உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு
நானே தின்று தீர்த்தேன்.