ஒன்பதாம் எண் ஏரி

பதினான்கு அறை, பதினான்கு ஏரி.
எல்லாம் ஒரே ஏரி.
பாபு ராவ் தெரு லாட்ஜுக்கு வெள்ளையடிக்கிறார்கள்;
வேதமாணிக்கம் தரையில் போர்வை விரித்து
அடுக்கிவிட்டார்:
பனிமலை, சிவப்புக் கூரை வீடு, இரண்டு அன்னம்,
ஒரு படகு. படகில் யாருமில்லை.
"இன்னாம்மா தேறும்?" என்றார்.

தேக்குச் சட்டம் தேறும். கண்ணாடி பாதி தேறும்.
படம், சிவகாசியில் லட்சம் அடித்த காகிதம்.
லென்ஸை வைத்தால் ஏரியே இல்லை,
நாலு நிறத்தில் புள்ளி.
சிவப்புத் தகடு வேறு ஒரு மயிரிழை நகர்ந்திருக்கிறது.
கூரை தன் வீட்டின் மேல் சரியாக உட்காரவில்லை,
பதினான்கிலும்.

சுவரோரம் வரிசையாகச் சாய்த்துவைத்துப் பார்த்தேன்.
மேற்கு ஜன்னல் அறைகளில்
மஞ்சள் முதலில் போயிருக்கிறது, பின்னாலேயே சிவப்பு.
வேலூர் வெயிலுக்கு நீலம் ஒன்றுதான் ஈடு கொடுக்கும்.
அங்கெல்லாம் அந்தி வெளிறி
நிலாக் காலமாகிவிட்டது.
ஒன்பதாம் எண் மட்டும்
நேற்று அச்சிலிருந்து இறங்கியதுபோல.
"அந்த ரூமுக்கு ஜன்னலே கெடையாது.
வாடகை கம்மி. ரொம்ப நாள் ஆஸ்பத்திரிக்கு அலையறவங்க
அதத்தான் கேப்பாங்க."
நோட்டில் எழுதினேன்:
நிலை, மிக நன்று. காரணம், இருட்டு.

கொசப்பேட்டைக் கடையில் ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.
துருவேறிய ஆணி. இராமபாணம் துளைத்த மலை.
நாலாம் எண் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது.
அதை இழுக்கக் கூடாது,
இழுத்தால் ஏரி கண்ணாடியோடு போய்விடும்,
கையில் வெறும் வெள்ளைத்தாள்.
அப்படியே விட்டேன்.
மைதாவில் மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டுக் காய்ச்சி
மற்றவற்றின் கிழிசலை ஒட்டினேன்.

ஒன்பதைத் திருப்பினால்
முதுகு முழுக்கப் பென்சில் எழுத்து.
பழுப்புத் தாள், பொடிப்பொடியாக உதிர்கிறது.
அதை எறிவதுதான் இந்தத் தொழிலின் முதல் விதி.
அமிலம் ஏறிய தாள், கூடவே வைத்தால் படத்தைத் தின்னும்.
சென்னையில் காபிக்கடைக்கு அலங்காரம் செய்பவர் போனில்,
"பின்னாடி எது இருந்தா என்ன மேடம்,
முன்னாடி பளிச்னு இருக்கணும்" என்றார்.

எழுத்து வங்காளம்.
மீன் சாப்பாட்டு மெஸ் நிமாயைக் கூப்பிட்டேன்.
கையைத் துடைத்துக்கொண்டு வாசித்தான்:
பால் அரை லிட்டர். பால் அரை லிட்டர்.
வாளி ஒன்று. ரத்தம் இரண்டு யூனிட்.
பால். பால். ஸ்கேன், பாக்கி நானூறு.
செருப்பு ஒரு ஜோடி. பால்.
கடைசி வரி:
ஹவுரா, டிக்கெட் இரண்டு.

வந்தது எத்தனை பேர்?
மேலே போய்த் தேடினான். மறுபடியும் தேடினான்.
அதை எழுதவில்லை.
அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று ஓடிவிட்டான்.
காட்பாடிக்குப் போகையில் பாலாற்றுப் பாலத்தில்
ஆட்டோவிலிருந்து மணலைப் பார்த்திருப்பார்கள்.
புதுச் செருப்பு யார் காலில் என்று
எனக்குக் கேட்கத் தோன்றியது.
கேட்க ஆளில்லை.

ஏரிக்கும் கணக்குக்கும் நடுவே
பருத்தித்தாள் ஒன்று கொடுத்து
இரண்டையும் ஒரே சட்டத்தில் அடைத்தேன்.
சென்னைக்குப் பதிமூன்று போயிற்று.
வேதமாணிக்கத்திடம் முந்நூறு ரூபாய் கொடுத்தேன்,
தேக்குக்கு என்று சொல்லி.

கடையில் வெயில் படாத சுவர் ஒன்றுதான்,
மீட்டர் பெட்டிக்குக் கீழே.
அங்கே மாட்டியிருக்கிறேன்.
பார்க்க வேண்டுமென்றால் லைட் போட வேண்டும்.
அடிக்கடி போடுவதில்லை.